தேய்ந்த பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 58. முன்பற்கள் வரவரக் குட்டையாகி, மஞ்சளாகவும் தெரிகின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. கீழ்க் கடைவாய்ப் பற்களை இரண்டு பக்கமும் எடுத்து ஆறேழு வருடம் ஆகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறார். காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீர் குடித்துவிட்டு, உப்பும் கரியும் வைத்துப் பல் தேய்ப்பேன். மைத்துனரோ, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 'செட்' கட்டிக்கொள்ளச் சொல்கிறார். இருக்கிற பல்லாவது நிலைக்குமா?
– எஸ்.எம்., வாடிப்பட்டி

பதில்: நிலைக்கும், பயப்படாதீர்கள். வேர் உறுதியாக உள்ள பல்லை, தேய்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை. மைத்துனருக்கு இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வயது ஏற ஏறப் பல் தேய்வது இயற்கைதான். மாட்டுச் சந்தையில் வாயைப் பிரித்து 'நாலு பல்', 'ஆறு பல்', 'கடை சேர்ந்தது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடை சேர்ந்த பிறகு, அதாவது எல்லாப் பல்லும் முளைத்த பிறகு, பல்லின் தேய்மானத்தை வைத்தே வயதைக் கணிப்பார்கள். ஆனால் 58 வயதில் கூசுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால், வயதின் மேல் மட்டும் பழி போட முடியாது.

எனாமல் (பல்லின் வெளி உறை) உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புகள். அதில் உயிரணுக்கள் இல்லாததால், தேய்ந்த இடத்தில் மறுபடி வளராது. அதன் அடியில் உள்ள டென்டின் (பல்லின் உட்பகுதி) இயல்பாகவே மஞ்சள் நிறம். அதிலுள்ள நுண்குழாய்கள் திறந்துகொள்வதால்தான் கூசுகிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் மஞ்சள் அழுக்கில்லை. அதைக் கரியால் தேய்த்துப் போக்க முயன்றால் இன்னும் மஞ்சளாகத்தான் ஆகும்.

எலுமிச்சைக்கு வருவோம். பிஎச் (அமிலத்தைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடைப்பட்டது. வெந்நீர் கலந்தாலும் புளிப்பு போய்விடுவதில்லை. அது பட்டு இளகியிருக்கும் எனாமல்மேல் உடனே உப்பையும் கரியையும் வைத்துத் தேய்க்கிறீர்கள்! அடிக்கடி நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் இருந்தாலும் இதே சேதம் நடக்கும்; மேல் முன்பற்களின் உட்புறத்தில் அது தெரியும்.

இன்னொன்று, கடைவாய்ப் பல் இல்லாததால் மெல்லும் பாரமெல்லாம் முன்பல்லில் விழுகிறது. இரவில் கடிப்பது அதோடு சேர்ந்துகொள்கிறது.

வெற்றிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. சோழவந்தான் வெற்றிலை பக்கத்திலேயே கிடைக்கும் ஊர் என்பதால் கேட்கிறேன். இலைமேல் எனக்குக் குறையில்லை. கொட்டைப்பாக்கு பல்லை அரைத்துவிடும். அதைவிடப் பெரிய கவலை, புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது. வாயில் வெள்ளைத் திட்டோ, வாயைத் திறப்பதில் சிரமமோ இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. கரியையும் உப்பையும் இன்றே விடுங்கள். எலுமிச்சைச் சாற்றை நிறுத்த மனமில்லையென்றால் சாப்பாட்டோடு குடித்து, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் பிரஷ் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும், ஃபுளோரைடோடு பொட்டாசியம் நைட்ரேட் (கூச்சம் குறைக்கும் உப்பு) உள்ள பற்பசையும் போதும். கூச்சம் அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

பிறகு சீரமைப்பு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. அங்கேயோ, நம்பிக்கையான பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். முதலில் கடைவாய்ப் பல்லுக்குப் பதில் வைக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்லே போதுமானதாக இருக்கலாம். அதன்பின் முன்பற்களைக் காம்போசிட் (பல் நிறப் பசைக் கலவை) கொண்டு உயர்த்திக் கட்டலாம். இதற்குப் பல்லைப் பெரும்பாலும் அராவ வேண்டியதில்லை. சில்லு பெயர்ந்தாலும் ஒட்டிச் சரிசெய்யலாம். எடுத்த எடுப்பில் எல்லாப் பல்லுக்கும் 'கேப்' என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். கேப் போட மீதிப் பல்லையும் அராவ வேண்டும். இரவுக்கு, கடி தாங்கும் நைட் கார்டு (பல்லின்மேல் மாட்டும் உறை) செய்து தருவார்கள்.

சூடான காபி குடித்தபின் வலி நெடுநேரம் நின்றாலோ, தூக்கத்தைக் கலைத்தாலோ வேர் சிகிச்சை தேவைப்படலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் முறை போகும்போதே பல்லின் அச்சு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அச்சோடு ஒப்பிட்டால் தேய்வு நின்றதா என்று தெரியும்.