கால்களின் வேலையைச் சுமக்கும் தோள்கள்

கேள்வி: ஒன்பது வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து எனக்குத் தண்டுவடம் அடிபட்டது. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது வயது 36. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஒரு வருடமாக வலது தோளில் வலி. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கத் தாமதமானால், மண்டை பிளப்பதுபோல் தலைவலி வந்து முகமெல்லாம் வியர்க்கிறது. 'கிரியாட்டினின் நார்மல், கவலை வேண்டாம்' என்கிறார் எங்கள் டாக்டர். அப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: விடக் கூடாது. முதலில் அந்தத் தலைவலி. தோளைவிட அதுதான் அவசரம். மார்பு முள்ளெலும்பில் ஆறாவதோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், ஏன், சதைக்குள் வளர்ந்த கால் நகம்கூட ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். உங்களுக்குச் சாதாரணமாகவே மேல் அளவு 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 காட்டினால், 'லேசாகத்தான் கூடியிருக்கிறது' என்று அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அது ஆபத்தான அளவு. பக்கவாதம் வரை கொண்டுபோகும். தலைவலி வந்ததும் படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்புத் துணியைத் தளர்த்தி, உடனே சிறுநீரை எடுத்துவிடுங்கள். அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் வழக்கமான ரத்த அழுத்த அளவை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. உங்கள் கால் தசைகள் சிறுவயதிலேயே சூம்பியிருக்கும். அதனால் சிறுநீரகம் கெட்டாலும் அந்த எண் நார்மலாகவே நிற்கலாம். வருடம் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுங்கள். சிறுநீரகத்தைச் சோதிக்கும் சிஸ்டாட்டின் சி பரிசோதனையையும் கேளுங்கள். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல் சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதீர்கள்.

இனி தோள். கையை வீசவும் தூக்கவும் அமைந்த மூட்டு அது. 27 வருடமாக உங்கள் முழு உடம்பையும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் தூக்கிப் போட்டிருக்கிறது. புண் வராமலிருக்கக் கையூன்றி எழும்பச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இனி அது வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை கடை மேஜையில் முழங்கையை வைத்து முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இருங்கள். புட்டத்தின் பாரம் இறங்கிவிடும். கட்டிலுக்கு மாற வழுவழுப்பான சறுக்குப் பலகை போதும்.

வளரும் வயதுக்கு முன்பே அடிபட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. வளைந்தால் இடுப்பு சாய்ந்து ஒரு பக்கப் புட்டமே பாரம் தாங்கும். அங்கேதான் புண் வரும். வலி தெரியாது. ஆகவே தினமும் படுக்கும்முன் கைக்கண்ணாடி பிடித்துப் பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால், அது மறையும்வரை அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. தோல் நிறம் கறுப்பாக இருந்தால் சிவப்பு தெரியாமல் போகும். கறுத்த திட்டு, சூடு, கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காரணமில்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் எலும்பு முறிவாகவோ ரத்தக்கட்டாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் வயதாவதால் வருவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பம், பெரியவரானதும் பழகிவிட்டது என்று விட்டுவிடுகிறது. மருத்துவர்களாகிய நாங்களும் அப்படித்தான் விட்டிருக்கிறோம். ஆனால் அப்படி விட வேண்டியதில்லை. 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டும் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் அவர் தலைமையில் உருவானது. அங்கேயோ, மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். கடையை இரண்டு நாள் மூடவேண்டி வந்தாலும் பரவாயில்லை, இந்த மாதமே கிளம்புங்கள்.