எந்த ஸ்கூட்டர் வாங்கலாம்? முதல்ல கிலோமீட்டரை எண்ணுங்க

ஃபைனல் இயர் வந்து ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்துட்டா, வீட்டுல அடுத்த பேச்சு வண்டிதான். நாலு பேரைக் கேட்டா நாலு பேர் சொல்வாங்க: ஆக்டிவா, ஜூபிடர், ஐக்யூப், ஏத்தர். எல்லாமே ஓடுற வண்டிதான், அதனாலதான் குழப்பம். நம்மில் நிறைய பேர் வீட்டுல இது ஒரே வண்டியா இருக்கப் போகுது. காலையில நீங்க ஆபீஸுக்கு எடுப்பீங்க, லீவு நாள்ல அம்மா மார்க்கெட்டுக்கு எடுப்பாங்க. லோன் கட்டி முடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதனால மாடல் பேரைப் பேசுறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு ஒரு பேப்பர்ல பதில் எழுதுங்க. நான் ஆதம்பாக்கத்துல இருக்கேன், உதாரணங்களும் இங்கிருந்தே தர்றேன்.

1. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறவருக்கு, போக வர சுமார் 8 கிலோமீட்டர்னு வச்சுக்கலாம். சோழிங்கநல்லூர் போறவருக்கு சுமார் 30. மாசத்துக்கு 25 நாள் என்றால், முதல் ஆளுக்கு 200 கிலோமீட்டர், இரண்டாவது ஆளுக்கு 750.

பெட்ரோல் வண்டி நம்ம டிராஃபிக்ல லிட்டருக்கு 45 கொடுக்குதுன்னு எடுத்துக்குவோம். லிட்டர் 100 ரூபாய். கிண்டிக்காரருக்கு மாசம் சுமார் 445 ரூபாய், சோழிங்கநல்லூர்காரருக்கு சுமார் 1,670 ரூபாய்.

எலக்ட்ரிக் வண்டிக்கு, சார்ஜர்ல வீணாகுறதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 35 வாட்-ஹவர் போடுங்க. 200 கிலோமீட்டருக்கு 7 யூனிட், 750-க்கு 26 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு தாராளமா வச்சாலும் முறையே 56 ரூபாய், 210 ரூபாய்.

அப்போ மிச்சம், கிண்டிக்காரருக்கு மாசம் 390 ரூபாய், மற்றவருக்கு கிட்டத்தட்ட 1,460 ரூபாய். எலக்ட்ரிக் வண்டி 30,000 ரூபாய் அதிகம் என்றால், சோழிங்கநல்லூர்காரர் 21 மாசத்துல அதை எடுத்துடுவார். கிண்டிக்காரருக்கு ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். ஒரே தெரு, ஒரே ஷோரூம், ஆனா பதில் வேற. உங்க கொட்டேஷன்ல இருக்கிற விலை வித்தியாசத்தைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்க. பேட்டரி வாரன்ட்டி எத்தனை வருஷம்னு கேட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க. போட்ட காசு திரும்புறதுக்குள்ள வாரன்ட்டி முடிஞ்சுட்டா, அந்தக் கணக்கு உங்களுக்குச் சரிப்படாது.

இதுல ஒரு ஈ.பி. விஷயமும் இருக்கு. வீட்டுல ஏசி ஓடி இரண்டு மாசத்துக்கு 470 யூனிட் வருதுன்னு வைங்க. வண்டிக்கு 52 யூனிட் சேர்ந்தா 522. 500-ஐத் தாண்டின உடனே, 101 முதல் 200 வரைக்குமான யூனிட்டுக்குக் கிடைச்ச குறைந்த ரேட் போயிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி அது யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசு ஆகும். 100 யூனிட்டுக்கு 225 ரூபாய் கூடுதல். அப்பவும் 30 கிலோமீட்டர் போறவருக்கு எலக்ட்ரிக் லாபம்தான். 8 கிலோமீட்டர் போறவர் வீட்டுலயும் 500-ஐத் தாண்டினா, மிச்சத்துல ஒரு பங்கு இதுலயே போயிடும்.

2. ராத்திரி வண்டி எங்க நிக்கும்?

ஐக்யூப், ஏத்தர் இரண்டிலும் பேட்டரியைக் கழட்டி மாடிக்கு எடுத்துட்டுப் போக முடியாது. வண்டி நிக்கிற இடத்துலயே எர்த் இருக்கிற பிளக் பாயின்ட் வேணும், அது உங்க மீட்டர்ல இருந்து வரணும். வாடகை வீடுன்னா, அட்வான்ஸ் கட்டி புக் பண்றதுக்கு முன்னாடியே ஹவுஸ் ஓனரைக் கேட்டுடுங்க. அவர் முடியாதுன்னா, மேல போட்ட கணக்கு எல்லாம் வீண்.

மழையையும் யோசிக்கணும். பெட்ரோல் இன்ஜின் காற்று இழுக்கிற வழியா தண்ணியை இழுத்துட்டா, சிலிண்டருக்குள்ள தண்ணி அமுங்காது. பிஸ்டன் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். அதனால தண்ணியில மூழ்கி நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போங்க. எலக்ட்ரிக்ல பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் தாங்கும் என்று சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ராத்திரி முழுக்க வெள்ளத்துல நிக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஈரம் காயாம சார்ஜ் போடவும் கூடாது.

3. யார் யார் ஓட்டுவாங்க?

அம்மாவோ தங்கச்சியோ ஓட்டப் போறாங்கன்னா, டெஸ்ட் ரைடுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் 105 கிலோ அளவுல இருக்கும், குடும்பத்துக்கான எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பல மாடல் அதைவிட பத்து கிலோவுக்கு மேல அதிகம். ஓடும்போது இது தெரியாது. சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும், நெருக்கமான பார்க்கிங்ல பின்னாடி இழுக்கும்போதும் தெரியும். உட்கார்ந்தா இரண்டு காலும் தரையில நல்லா படியணும்.

சக்கரத்தையும் பாருங்க. ஆக்டிவா 110-ல பின் சக்கரம் 10 இன்ச், ஜூபிடர்ல இரண்டும் 12 இன்ச். சக்கரம் சின்னதா இருந்தா அதே குழியில இன்னும் ஆழமா இறங்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடின ரோட்டுல தினமும் போறவங்களுக்கு இது முதுகு வலி சம்பந்தப்பட்ட விஷயம். பிரேக்ல, 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்குமான புது வண்டிகளுக்கு, ஏபிஎஸ் இல்லைன்னா சிபிஎஸ் கட்டாயம். செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவங்க அதுக்கு முந்தின வண்டியா என்று ஆர்.சி.யில தேதி பாருங்க.

மூணுக்கும் பதில் எழுதினா, ஐந்தாறு மாடல் இரண்டா குறைஞ்சிடும். அப்புறம் ஷோரூமுக்குப் போய் ஆன்-ரோடு விலையை ஒவ்வொரு வரியா எழுதித் தரச் சொல்லுங்க. புது வண்டிக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஆனா அதை அந்த ஷோரூம்லதான் எடுக்கணும்னு இல்ல. வெளியில ரேட் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.