வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

இணையதள வடிவமைப்பில் வேலை தேடுகிறவர்களின் போர்ட்ஃபோலியோ பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும். "இதை யாரிடமாவது கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டால்தான் திணறல்.

அழகு தேவைதான். ஒரு பக்கம் பிடிக்கிறதா இல்லையா என்பதை 50 மில்லிவிநாடியிலேயே மனம் முடிவுகட்டிவிடக்கூடும் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். ஆனால் அழகு ஏமாற்றவும் செய்யும். 1995-இல் ஜப்பானில் மசாகி குரோசுவும் காவோரி காஷிமுராவும் ஏடிஎம் திரைக்கு 26 வடிவங்கள் தயாரித்து 252 பேரிடம் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தவற்றையே 'பயன்படுத்தவும் சுலபம்' என்றார்கள் மக்கள். நிஜமாகவே சுலபமாக்கும் அம்சங்களுக்கு அவ்வளவு மதிப்பு கிடைக்கவில்லை. எனவே "டிசைன் எப்படி?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்பார்கள். அதை வைத்து என்ன செய்வது?

வேலையைக் கொடுங்கள். "வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரைக்கு ஒரு டிக்கெட், ஜன்னலோர சீட்" என்று சொல்லிப் போனை நீட்டுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகு நீங்கள் பேசக்கூடாது. இருப்பதிலேயே கஷ்டமான பகுதி இதுதான். 'பணம் செலுத்து' பட்டனை அழுத்துவார். திரை அசையாது. மறுபடி அழுத்துவார். காசு போய்விட்டதோ என்று எஸ்எம்எஸ்ஸைத் திறப்பார். உதவிக்குப் பாயாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் தரும் கணக்கு இங்கே உதவும்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும். 1 விநாடி தாண்டினால் எண்ண ஓட்டம் அறுபடும். 10 தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே தொட்டவுடன் பட்டன் நிறம் மாறட்டும், 'பணம் சரிபார்க்கப்படுகிறது' என்ற வரி வரட்டும், இரண்டாவது அழுத்தல் செல்லாமல் போகட்டும். சர்வரைத் தொடாமலேயே பதற்றம் தணியும்.

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும். திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போங்கள். பக்கத்து சீட் டிசைனர் கணக்கில் சேரமாட்டார்.

கடைசியாக, கவர்ச்சி வேறு, கண்ணி வேறு. டிக்கெட்டோடு காப்பீட்டையும் கேட்காமலே சேர்த்துவிடச் சொல்லும் கிளையண்ட் வரத்தான் செய்வார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. மீட்டிங்குக்குப் போகும்போது அவற்றின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.