கம்பி இழுக்கிறது, எலும்பு வழிவிடுகிறது

பல்லுக்குக் கிளிப் போடப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், "இந்த வயசுல எதுக்கு?" என்றார்கள். வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயது தடையில்லை, சிறுவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பை உடம்பே கரைக்கிறது. பல் விலகி வந்த பக்கத்தில் புது எலும்பை வைக்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மிஞ்சி இறுக்கினால் அந்தப் படலத்தில் ரத்த ஓட்டம் நின்று பல் நகராமல் மாட்டிக்கொள்ளும். வேர் தேயவும் கூடும்.

முதலில் போடுவது நிக்கல்-டைட்டானியம் கம்பி. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகளில் அதை வளைத்து மாட்டுவார்கள். தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பல்லையும் கூட்டிக்கொண்டு போகும். வரிசைக்கு வந்தபின் கெட்டியான ஸ்டீல் கம்பி. இடம் போதாமல் எனக்குச் சிறு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். அந்த இடைவெளியை மூடியது ரப்பர் செயின்.

கம்பி மாற்றிய பிறகு முதல் இரண்டு நாள்தான் வலி. ரசம்சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி போதும். கன்னத்தில் குத்தும் பிராக்கெட்டின்மேல் பட்டாணி அளவு மெழுகை உருட்டி அப்புங்கள். முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு எதுவும் வேண்டாம். பிராக்கெட் பெயர்ந்து வரும். கம்பியைக் கட்டும் குட்டி ரப்பர் வளையங்களில் நிறமற்றதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாம்பாரிலுள்ள மஞ்சள்தூள் ஏறி, கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. சாம்பல் நிறம் நமக்குச் சரி.

பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குத் தங்கினால் கழற்றிய பிறகு வெள்ளைத் திட்டுகள் தெரியும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கழற்றிய அன்றோடு வேலை முடியாது. எலும்பு இறுக நாளாகும், ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ரிடெய்னர். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றாமல் டப்பாவில் போடுங்கள். ஹோட்டலில் கையலம்பிவிட்டு வருவதற்குள் இலையோடு அதையும் எடுத்துப்போய்விடுவார்கள்.