காந்தம் எதை வளைக்கும்?

சென்ற விடுமுறையில் தேவாரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஏப்பா, பொட்டிப்புரத்து மலைக்குள்ள அம்மாம் பெரிய காந்தம் வைக்கப் போறதாச் சொன்னாங்களே, வச்சிருந்தா நம்ம கிணத்து மோட்டாரையெல்லாம் இழுத்திருக்குமா?" இயற்பியல் மாணவனாகிய நான் விடை கூற இயலாமல் விழித்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலையினுள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 இல் ஒப்புதல் அளித்தது. அதற்கெனத் திட்டமிட்ட கருவி, 50,000 டன் இரும்புத் தகடுகளாலான மின்காந்தம். அதன் புலம் ஏறத்தாழ 1.5 டெஸ்லா. ஆனால் நியூட்ரினோவுக்கு மின்னூட்டமே கிடையாது; காந்தம் அதனை ஒன்றும் செய்யாது. பின் காந்தம் எதற்கு?

காந்தப்புலத்திற்குச் செங்குத்தாக ஓடும் துகளின்மீது செயற்படும் விசை, அதன் மின்னூட்டம், திசைவேகம், புலச்செறிவு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும். நிற்கும் துகளுக்கும், புலத்தின் திசையிலேயே செல்லும் துகளுக்கும் இவ்விசை இல்லை. இவ்விசை எப்போதும் திசைவேகத்திற்குச் செங்குத்தாகவே அமைவதால் அது வேலை செய்வதில்லை. வேகம் மாறாது, பாதை மட்டும் வளையும். வண்டியை இழுப்பது மாடு. மூக்கணாங்கயிறு அதைத் திருப்ப மட்டுமே செய்கிறது அல்லவா? அதைப் போன்றதே இது.

மியூவான் வகை நியூட்ரினோ இரும்பின் அணுக்கருவில் மோதினால் எதிர்மின் மியூவான் தோன்றலாம்; எதிர் நியூட்ரினோ மோதினால் நேர்மின் மியூவான் தோன்றலாம். மின்னூட்டத்தின் குறி மாறினால் விசையின் திசையும் மாறும். ஒன்று இடப்புறம் வளைந்தால் மற்றது வலப்புறம் வளையும். அவ்வளைவைக் கொண்டே வந்தது எதுவென அறியலாம். 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் அளவு உந்தமுள்ள மியூவானின் வளைவு ஆரம், 1.5 டெஸ்லா புலத்தில் சுமார் 2.2 மீட்டர். இரும்பில் ஆற்றலை இழக்க இழக்க வளைவு மேலும் இறுகும். மதுரையில் 2018 முதல் இயங்கிய 85 டன் சிறு மாதிரிக் கருவி, விண்ணிலிருந்து வரும் மியூவான்களை இவ்வாறே பதிவு செய்தது.

இனிப் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். அக்கருவியின் காந்தப்புலம் பெரும்பாலும் இரும்புக்குள்ளேயே சுற்றி மூடிக்கொள்ளும். தொலைவு கூடக் கூட, வெளியே கசியும் சிறு புலமும் விரைந்து குறையும். எனவே மலைக்கு அப்பாலுள்ள மோட்டாரை அது இழுக்காது.

இதைத் தரையில் கோடு கிழித்து விளக்கினேன். கேட்டுக்கொண்ட பெரியப்பா, "சரி, காந்தம் இழுக்காது. பாறைக்கு வெடி வச்சா ஊத்துத் தண்ணி என்ன ஆகும்?" என்றார். அதற்கு இச்சமன்பாட்டில் விடை இல்லை. நீரும் காடும் பற்றிய அக்கேள்விகளை ஊரார் பல ஆண்டுகள் எழுப்பினர், வழக்குகளும் நடந்தன, தமிழக அரசும் 2022 இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

எனவே பெரியப்பாவிடம், "காந்தத்தைப் பற்றி மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சதை மட்டும் சொன்னியே, அது போதும்" என்றார். அடுத்த விடுமுறைக்குள் நிலத்தடி நீரைப் பற்றியும் படித்துவிட எண்ணியுள்ளேன்.