முதலெழுத்தும் உயிரினமும்: சிறார்க்கு ஓர் ஆங்கிலப் பாடம்

கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் கோவை, ஈரோடு முதலிய கொங்கு நாட்டு நகரங்களில் வாழும் நம் குடும்பங்களின் சிறார் பலர் இன்று ஆங்கில வழியிற் பயில்கின்றனர். ஸ்ரீ சாந்திநாதரின் லாஞ்சனம் யாது என வினவினால் ‘டீர்’ என்கின்றனர். ‘மான்’ என்னும் சொல் எளிதில் நாவுக்கு வருவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லையேனும் செம்மையாக ஒலிக்கின்றனரோ எனில், அதிலும் குறை காண்கிறோம். இவ்விரு குறைகளையும் இல்லத்திலேயே ஒரே பாடத்தால் நீக்க வழியுண்டு. ஒரே முதலெழுத்தில் தொடங்கும் விலங்கின் பெயர்களைத் தொகுத்துக் கற்பிப்பதே அவ்வழி.

மோனையும் நிகண்டும்

முதலெழுத்து ஒன்றி வருவதை மோனை என்றும், இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்றும் தமிழர் வழங்குவர். செவிக்கு இனியது நெஞ்சில் நிற்கும் என்பதை நம் புலவர் நன்கு அறிந்திருந்தனர். சமணப் புலவராகிய மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் விலங்கின் பெயர்க்கென்றே ஒரு தொகுதி உண்டு. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் தொகுதியை அவர் எதுகை முறையில் அமைத்தார். பின்னர் 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தினார். திண்ணைப் பள்ளிச் சிறார் நிகண்டு ஓதியே சொல்வளம் பெற்றனர். ஆகவே முதலெழுத்து வழியே பெயர் கற்பது நமக்குப் புதிய முறையன்று.

இரண்டாம் எழுத்தின் வரிசை

ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்திலிருந்து தொடங்குவோம். நம் தீர்த்தங்கரர் லாஞ்சனங்களுள் நான்கு இவ்வெழுத்தில் தொடங்குகின்றன. முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதருக்குக் காளை, ஆங்கிலத்தில் ‘புல்’. பன்னிரண்டாமவர் வாசுபூஜ்யருக்கு எருமை, ‘பஃபலோ’. பதின்மூன்றாமவர் விமலநாதருக்குப் பன்றி. காட்டுப் பன்றிக்கு ‘போர்’ என்பது பெயர். பதினான்காமவர் அனந்தநாதருக்கு நம் திகம்பர மரபில் கரடி, ‘பேர்’. 12, 13, 14 என மூன்றும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் சிறார்க்கு மறவாது.

இவை நம் நாட்டுக்கு அயலான விலங்குகளும் அல்ல. காங்கயம் காளையை அறியாத கொங்கு நாட்டார் இல்லை. எருமை ஊர்தோறும் உண்டு. கரடியும் காட்டுப் பன்றியும் ஆனைமலைக் காடுகளில் வாழ்கின்றன. பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்தில் உள்ள ஆதிநாதர் ஆலயத்திற்குச் சிறாரை அழைத்துச் செல்லும்போது, வழியிற் காணும் காளையைக் காட்டி, தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அதற்குரிய தீர்த்தங்கரர் திருநாமம் ஆகிய மூன்றையும் சொல்லச் செய்யலாம்.

ஒலி வேறுபாடு

மேலே எழுதிய ‘புல்’ என்னும் சொல்லைத் தமிழாகப் படித்தால் பசு மேயும் புல்லாகும். ஆங்கிலமாகப் படித்தாலும் காளையோ, ‘இழு’ என்னும் ஏவலோ தெரியவில்லை. ‘பேர்’ என்பது கரடியாகலாம், பேரிக்காயும் ஆகலாம். ‘கோட்’ என்பது ஆடோ, மேலங்கியோ? ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் நாம் ‘பி’ என்றே எழுதுவதால் இம்மயக்கம் நேர்கிறது. தூய தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் அழுத்தமாகவே ஒலிக்கும். ஆகவே சிறார் காளையையும் அவ்வாறே அழுத்தி ஒலித்துவிடுகின்றனர்.

எனினும் மெலிந்த ஒலி தமிழில் இல்லாததன்று. ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் அழுத்தமானது. மகர ஒற்றை அடுத்து வரும் பகரம் மெலிந்தது. அந்த இரண்டாம் பகரமே காளைக்கும் கரடிக்கும் உரிய ஒலி. ‘சங்கு’ என்பதில் வரும் ககரமே ஆட்டுக்குரிய ஒலி. ‘வண்டு’ என்பதில் வரும் டகரம் மானுக்குரிய ஒலிக்கு அணியது. பாம்பு, சங்கு, வண்டு என்னும் இம்மூன்று சொற்களையும் மும்முறை சொல்லச் செய்து, பின்னர் ஆங்கிலப் பெயரைச் சொல்லச் செய்க. பாம்பு பார்சுவநாதருக்கும் சங்கு நேமிநாதருக்கும் உரிய சின்னங்கள் என்பதையும் உடன் கூறுக.

இன்னொரு சான்றும் உண்டு. பார்சுவநாதர், பாகுபலி என்னும் திருநாமங்கள் இரண்டும் தமிழில் ‘பா’ என்றே தொடங்குகின்றன. வழிபாட்டில் நாம் அவற்றை வேறாகவே ஒலிக்கிறோம். அவ்வேறுபாட்டைக் காக்கவே ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்களில் கிரந்த எழுத்தும் கலந்து எழுதினர்.

ஒலியைச் சோதிக்க எளிய முறை ஒன்று: மெல்லிய தாளை வாயின் முன் பிடித்து ‘இழு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் தாள் அசையும். காளையின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் அசையாது. சிறார் இதனை விளையாட்டாகவே செய்வர்.

எழுத்து ஒன்று, ஒலி பல

மோனை ஒலியைப் பற்றியது. ஆங்கில முதலெழுத்தோ எப்போதும் ஒரே ஒலி தருவதில்லை. மூன்றாம் எழுத்தாகிய ‘சி’யில் தொடங்குவன பசு, பூனை, முதலை ஆகியவற்றின் பெயர்கள், மூன்றும் ககர ஒலியில் தொடங்கும். பூரானின் பெயராகிய ‘ஸென்டிபீட்’ என்பதும் அதே எழுத்தே, ஒலி ஸகரம். ஏழாம் எழுத்தில் ஆட்டின் பெயர் மெலிந்த ககரமாகவும், ‘ஜிராஃப்’ என்னும் ஒட்டகச்சிவிங்கியின் பெயர் ஜகரமாகவும் ஒலிக்கின்றன. இவ்விரு எழுத்துகளுக்கும் பின் ‘இ’, ‘ஐ’, ‘வொய்’ என்னும் எழுத்துகள் வரின் ஸகர, ஜகர ஒலிகள் பெரும்பாலும் தோன்றும். பல்லியின் பெயராகிய ‘கெக்கோ’ போன்ற விலக்குகளும் உண்டு. ஆதலின் பட்டியலை மனப்பாடம் செய்யுமுன் ஒவ்வொரு பெயரையும் செவியாற் கேட்பது இன்றியமையாதது.

அறிவின் வரிசை

இனி இப்பாடத்தின் முடிவான பகுதி. முதலெழுத்து ஒன்றாயின் உயிரும் ஒரு தரத்ததாகுமோ? ஆகாது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் முன் கூறிய சீனாபுரமே என்று கொங்கு நாட்டில் வழங்குவர். சமண முனிவராகிய அவர் தம் இலக்கணத்தில் உயிர்களைப் புலன் எண்ணிக்கையால் வகுத்தார்: புல்லும் மரமும் ஓரறிவு, நந்து, அதாவது சங்கு முதலியன ஈரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, தும்பியும் வண்டும் நாலறிவு, விலங்கும் பறவையும் மக்களும் ஐயறிவு.

இதனைக் கொண்டு ஆங்கிலப் பெயர்களை இணை இணையாக நிறுத்துவோம். முதல் எழுத்தில் எறும்பாகிய ‘ஆன்ட்’ மூவறிவு. வாலில்லாக் குரங்காகிய ‘ஏப்’ ஐயறிவு. இரண்டாம் எழுத்தில் தேனீயாகிய ‘பீ’ நாலறிவு; காளை ஐயறிவு. மூன்றாம் எழுத்தில் சங்காகிய ‘காங்க்’ ஈரறிவு. புஷ்பதந்தரின் சின்னமாகிய முதலை, ‘க்ராகடைல்’, ஐயறிவு. இருபதாம் எழுத்தில் சிதலாகிய ‘டெர்மைட்’ மூவறிவு. முனிசுவிரதரின் சின்னமாகிய ஆமை, ‘டார்ட்டஸ்’, ஐயறிவு. தமிழ்ப் ‘புல்’ ஓரறிவுயிர், ஆங்கிலப் ‘புல்’ ஐயறிவுயிர் என்று சொன்னால் சிறார் நகைப்பர், மறக்கவும் மாட்டார்.

பெயரை மட்டும் கற்ற சிறுவன் எறும்பைக் கண்டு ‘ஆன்ட்’ என்று கூறி மிதித்துச் செல்லக் கூடும். அது சுவையும் மணமும் உணரும் உயிர் என்று சேர்த்துக் கற்றவன் காலை விலக்கி வைப்பான். எந்த மொழியிற் கற்பினும் இவ்வுணர்வு குன்றாதிருத்தல் வேண்டும்.

இல்லத்துப் பயிற்சி

1. நாள்தோறும் ஓர் எழுத்தை எடுத்து, அதில் தொடங்கும் மூன்று உயிர்களின் பெயர்களைச் சொல்லச் செய்க.
2. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரையும் புலன் எண்ணிக்கையையும் கூறச் செய்க.
3. லாஞ்சனமாயின் தீர்த்தங்கரர் திருநாமத்தையும் சேர்க்கச் செய்க.
4. யானை, குதிரை, குரங்கு, காண்டாமிருகம், மீன், சிங்கம் ஆகிய லாஞ்சனங்களின் ஆங்கிலப் பெயர்களையும் முதலெழுத்துகளையும் சிறாரே கண்டறியட்டும்.

பாட்டனாரும் பாட்டியாரும் தமிழ்ப் பெயரைச் சொல்ல, பேரக் குழந்தைகள் ஆங்கிலப் பெயரைச் சொல்ல, மாலைப் பொழுதில் கால் மணி நேரம் இதற்குப் போதும். ஆங்கிலம் அறியாத முதியோரும் இப்பாடத்தில் ஆசிரியராகலாம்.

வாழ்க ஜிநதர்மம்!