நாற்பதில் மீண்டும் பந்தயத் தடம்: உடல் தாங்குமா, மூளை பழகுமா?

1999 அக்டோபரில் சிப்பாங்கில் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. மூன்று மாதங்களுக்கு முன் சில்வர்ஸ்டோனில் கால் எலும்பு முறிந்த மைக்கேல் ஷூமாக்கர் அங்கேதான் திரும்பி வந்தார். தகுதிச் சுற்றில் மற்ற எல்லாரையும்விட ஏறக்குறைய ஒரு விநாடி முந்தினார். பந்தயக் கணக்கில் ஒரு விநாடி என்பது ஒரு யுகம். அப்போது அவருக்கு வயது 30.

அதே மனிதர் 2006இல் ஓய்வு பெற்றார். ஏழு முறை உலக வெற்றியாளர், 91 பந்தய வெற்றிகள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல், 41 வயதில் மெர்சிடிஸ் காரில் மீண்டும் ஏறினார். அந்த ஆண்டு அவர் எடுத்தது 72 புள்ளிகள். அதே குழுவில், அவரைவிட 16 வயது இளையவரான நிக்கோ ரோஸ்பெர்க் எடுத்தது 142.

“வயசாயிடுச்சு, முன்ன மாதிரி கை ஓடல” என்று மாமாக் கடை மேசைகளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அது சரியான தீர்ப்புதானா? வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம், வாருங்கள்.

30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியை அதன் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே பூஜ்ஜியம் உள்ள இடத்தில் உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அளவுகோலைத் தொடாமல் காத்திருக்கட்டும். அவன் சொல்லாமல் கைவிட, நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.20 விநாடி. 25 செ.மீ. என்றால் 0.23 விநாடி. புவியீர்ப்பு விசையே உங்களுக்குக் கடிகாரம்.

இப்போது அப்பாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். வயதோடு எதிர்வினை மெல்லக் குறைவது உண்மைதான். ஆனால் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே உள்ள வேறுபாடு நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும். இரவெல்லாம் கைப்பேசி பார்த்த மகனை அப்பா தோற்கடிப்பதும் உண்டு!

சிறியது என்றாலும், மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 83 மீட்டர் பாய்கிறதே? 0.02 விநாடி தாமதித்தால் 1.7 மீட்டர் போய்விடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பந்தய ஓட்டுநர் வளைவைப் பார்த்த பிறகு பிரேக்கை மிதிப்பதில்லை. பூப்பந்தில் எதிராளி ஓங்கி அடிக்கும் பந்தைக் கண்டபின் கையை நீட்டினால் யாராலும் எடுக்க முடியாது. அவர் தோள் திரும்பும்போதே பந்து விழும் இடம் ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. ஓட்டுநரும் அப்படித்தான். அடுத்த நொடி கார் என்ன செய்யும் என்பதை மூளை முன்கூட்டியே கணக்கிடுகிறது. அதனால்தான் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ 1957இல், 46 வயதில், உலக வெற்றியாளராக முடிந்தது.

இந்த முன்கணிப்பில் பெரும் பங்கு வகிப்பது சிறுமூளை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறைக்கான கணக்கைத் திருத்துகிறது. இப்படிப் பல ஆயிரம் சுற்றுகளில் பதிந்த திறன் எளிதில் அழியாது. பல ஆண்டு கழித்துச் சைக்கிள் ஏறினாலும் ஓட்ட வருகிறதல்லவா?

சிக்கலே அது அழியாததில்தான் இருக்கிறது. ஷூமாக்கரின் மூளையில் பதிந்திருந்தது பழைய கார். முன்சக்கரங்கள் தடத்தை இறுகக் கவ்வ வேண்டும், அந்தப் பிடியை நம்பி வளைவுக்குள் பாய வேண்டும் என்பது அவர் பாணி. 2010இல் முன்டயர்களின் அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். பந்தய நடுவே எரிபொருள் நிரப்பவும் தடை வந்ததால் கார்கள் கனத்த தொட்டியோடு புறப்பட்டன. மறு ஆண்டு டயர் நிறுவனமே மாறியது. மூளை பழைய கணக்கை நீட்டுகிறது, கார் வேறு விடை சொல்கிறது.

திருத்திக்கொள்ளச் சுற்றுகள் வேண்டும். முன்பு ஃபெராரியின் சொந்தத் தடத்தில் வேண்டிய அளவு ஓட்டிப் பார்த்தவர் அவர். 2009 முதல், பருவம் தொடங்கியபின் சோதனை ஓட்டங்களுக்குத் தடை. என் கணிப்பில், வயதைவிட அவரை அதிகம் பாதித்தது இதுதான்.

லூக்கா படோயரைப் பாருங்கள். பத்தாண்டுக்கும் மேலாக ஃபெராரியின் சோதனை ஓட்டுநர். 2009இல் திடீரென்று பந்தயத்தில் இறக்கப்பட்டார். வேலன்சியாவில் தகுதிச் சுற்றிலும் கடைசி, பந்தயத்திலும் கடைசி. வயது 38தான், ஆனால் பந்தயம் ஓட்டிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அந்த இடம் முதலில் ஷூமாக்கருக்குத்தான் ஒதுக்கப்பட்டது. ஹங்கேரியில் வேறொரு காரிலிருந்து கழன்ற சுருள்வில் ஃபெலிப்பே மாசாவின் தலையைத் தாக்கியதால் இடம் காலியானது. ஷூமாக்கர் ஒப்புக்கொண்டு பயிற்சியும் எடுத்தார். பின்னர் கழுத்து வலியால் விலகினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்துப் பகுதியில் பட்ட காயம் ஆறியிருக்கவில்லை.

கழுத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறரை கிலோ என்று வையுங்கள். வேகமான வளைவில் புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். 10 கிலோ அரிசிப் பைகள் மூன்றைத் தலையில் கட்டி ஒருபுறமாக இழுப்பதற்குச் சமம். அதுவும் ஒரு முறையல்ல, ஒன்றரை மணி நேரத்தில் பல நூறு முறை. சிப்பாங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். நாற்பது வயதிலும் கழுத்துத் தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம், வெப்பத்துக்கும் இரு வாரங்களில் பழகலாம். ஆறாத எலும்பையும் தசைநாரையும் பிடிவாதத்தால் ஆற்ற முடியாது. ஆகவே 2009இல் “வேண்டாம்” என்றது சரி. காயம் ஆறியபின் 2010இல் இறங்கியதும் தவறில்லை என்பேன்.

திரும்பி வந்து வென்றவர்களும் இருக்கிறார்கள். 1979இல் விலகி விமான நிறுவனம் நடத்தப் போன நிக்கி லவுடா, 1982இல் திரும்பிய மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் உலக வெற்றியாளர் ஆனார். பெர்னாண்டோ அலோன்சோ 2018 முடிவில் விலகினாலும் சும்மா இருக்கவில்லை. லெ மான், டக்கார், இண்டியானாபோலிஸ் என்று வெவ்வேறு வாகனங்களை ஓட்டினார். 2021இல் 39 வயதில் திரும்பியபோது தொடக்கத்தில் தடுமாறினார். ஆண்டிறுதிக்குள் கத்தாரில் மூன்றாம் இடம் பிடித்தார், புள்ளிகளில் குழுத் தோழரையும் முந்தினார்.

ஷூமாக்கரும் மெல்ல மெல்ல நெருங்கினார். 2011இல் ரோஸ்பெர்க்கின் 89 புள்ளிகளுக்கு எதிரே இவருக்கு 76. 2012 மே மாதம், 43 வயதில், மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் தகுதிச் சுற்றில் எல்லாரையும்விட வேகமாக ஓட்டினார். ஆனால் முதலிடத்திலிருந்து புறப்படவில்லை. முந்தைய பந்தயத்தில், பார்சிலோனாவில், புரூனோ சென்னாவின் காரைப் பின்னாலிருந்து மோதியதற்காக ஐந்து இடங்கள் தள்ளப்பட்டு, ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்டார்.